சனகெரிப் தோற்ற மலை

சுமேரியர் கட்டிய பெருநகரம் ஒன்றின் பெயர் ஊர். தமிழ் வேதாகமமும் அதை ஊர் என்றேதான் எழுதுகிறது. இதற்கு மேலும் சான்று கேட்பவன் தமிழனே அல்ல என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லி முடிக்கவும், வத்தலக்குண்டிலிருந்து ஏறி வந்த தாண்டிக்குடிப் பேருந்து பெரும்பாறையில் தேநீருக்கு நிற்கவும் சரியாக இருந்தது. ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் யூப்ரடீஸ் கரை முழுவதையும் அவர் நமக்கு மீட்டுத் தந்துவிட்டார். 5,300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் இரும்பு உருக்கினார்கள் என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் அறிவித்தாரே, அந்தச் செய்தியையும் கைபேசியில் எடுத்துக் காட்டினார். நாற்பது குழுக்களுக்கு அனுப்பிவிட்டாராம்.

"உங்க ஊர்ப் பக்கம் கல்திட்டை இருக்குன்னு கேள்விப்பட்டேனே?" என்றேன்.

"எது, குள்ளர் வீடாண்ணே? இருந்துச்சு. மூடுகல்லு நம்ம வீட்டுப் பின்னாடிதான் கெடக்கு. துணி துவைக்க அது மாதிரி ஒரு கல்லு அமையாதுண்ணே."

மனதுக்குள் எழுந்து நின்று கும்பிட்டேன். நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரைத் தமிழரின் ஊர் என்று நிறுவிய அதே மனிதர், தன் ஊர் இரும்புக்காலக் கல்லறையின் கூரையில் லுங்கியை அடித்துத் துவைக்கிறார். தொன்மையை இவ்வளவு நெருக்கமாக அனுபவிக்கும் இனம் வேறு எங்கே உண்டு? பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்கு வெளியே கைகட்டி நிற்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் வாய்க்காது. பழனி மலைக்காரர்களுக்கும், அவர்களைவிட அதிகமாக, அங்கே இடம் வாங்கப் போகும் சமவெளிக்காரர்களுக்கும், சீசனுக்கு ஏறிப்போகும் நம் எல்லோருக்கும் ஒரு பாராட்டு மடல் வாசிக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

முதலில் அந்தக் கல்வீடுகளைப் பற்றி, பார்க்காதவர்களுக்காக. பக்கவாட்டில் பலகைக் கற்கள், மேலே ஒரு பெரிய மூடுகல். சுண்ணாம்பு கிடையாது, ஆணி கிடையாது. எடையே எடையைப் பிடித்து நிற்கும். தாண்டிக்குடி, மாச்சூர், பேத்துப்பாறை என்று மலையின் நடு உயரங்களில், காற்று அடிக்கும் பாறை முகப்புகளில் இவற்றைக் கட்டினார்கள். செத்தவர்களுக்கு நல்ல காட்சியுள்ள இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம் என்பதால், கட்டியவர்கள் குள்ளர்கள் என்று பெயராகிவிட்டது. பேத்துப்பாறையில் குள்ளர் குகை என்றால்தான் வழி சொல்வார்கள். சமவெளிக்கு வந்தால் இதே கல் பாண்டவர் வீடு ஆகிவிடும். குள்ளர், பாண்டவர், வேற்றுக்கிரகவாசி, யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். நம் பாட்டன் கட்டினான் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். தன்னடக்கம்.

கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரின் இயேசு சபைக் குருக்கள் இருவருக்கு இந்த அடக்கம் புரியவில்லை. ஆங்கிலாட், நியூட்டன் என்ற அந்த இரண்டு பாதிரியார்களும் காடு மேடெல்லாம் ஏறி, ஒவ்வொரு கல்திட்டையையும் நாடா பிடித்து அளந்து, படம் வரைந்து, வகை பிரித்தார்கள். பழனி மலைக் கல்திட்டைகள் பற்றிய அந்த நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தன் 36ஆவது ஆய்வுத் தொகுதியாக வெளியிட்டது. செண்பகனூரில் ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. வேறு வேலை இல்லாதவர்கள் பார்த்த வேலைதான். ஆனால் நமக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த நூல் இருப்பதால், அன்றைக்கு இருந்ததில் இன்றைக்கு எது இல்லை என்று யாராவது கணக்குப் பார்த்துவிட முடியும். நல்லவேளை, யாரும் பார்ப்பதில்லை. கொடைக்கானலின் வரலாறு 1845இல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டியபோது தொடங்குகிறது, 1863இல் லெவிஞ்ச் துரை ஏரி வெட்டியபோது முற்றுப்பெறுகிறது. வழிகாட்டிகள் இதைத்தான் சொல்கிறார்கள், சாக்லேட் கடைக்கு நேரமாகிவிடும் என்பதால்.

இப்போது, பக்கத்து இருக்கைக்காரர் மீட்டுத் தந்த அந்தப் பக்கத்து அசீரியர்களுக்கு வருவோம். அழிப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் புகழ் எவ்வளவு மிகை என்று தெரியும். அவர்கள் மன்னன் சனகெரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 689இல் பாபிலோனைப் பிடித்தான். கோயிலையும் மதிலையும் இடித்து, கால்வாய் வெட்டி, இங்கே ஒரு நகரம் இருந்ததே தெரியக்கூடாது என்று தண்ணீரைத் திருப்பிவிட்டான். தன் கல்வெட்டிலேயே பெருமையாக எழுதி வைத்திருக்கிறான். எத்தனை ஆள், எத்தனை மாதம்! அவனிடம் ஜேசிபி இல்லை என்பதை எண்ணும்போது இரக்கம்தான் வருகிறது. நம் மலையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஏறினால் திங்கட்கிழமை காலையில் இடம் சமதளமாக இருக்கும். வில்லா கட்ட மண் பரிசோதனையே முடிந்திருக்கும். கல்வெட்டு வெட்டிப் பீற்றிக்கொள்வதும் இல்லை. கேட்டால், "இங்கே அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்பார்கள். சனகெரிப் ஆசைப்பட்ட முழுமை இதுதான்.

அவன் குடும்பமும் சரியில்லை. அப்பன் இடித்த பாபிலோனை மகன் எசரத்தோன் மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டான்! சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயமாம். நம் குடும்பங்களில் இந்த ஊசலாட்டம் கிடையாது. அப்பா கல்லைப் புரட்டிப் புதையல் தேடுவார், மகன் அந்தக் குழியை நிரவிக் காபி காயவைக்கக் களம் போடுவான், பேரன் மனை போட்டு விற்பான். மூன்று தலைமுறை ஒரே கொள்கையில் நிற்கிறது.

புதையல்காரர்களுக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்காவிட்டால் நன்றி மறந்தவன் ஆவேன். இரும்புக்காலத்தில் செத்தவர்களோடு மட்பாண்டம் வைத்தார்கள், இரும்புக் கருவி வைத்தார்கள், மணிகள் வைத்தார்கள். தங்கக்குடம் வைத்தார்கள் என்று இவர்களுக்கு மட்டும் தகவல் வந்திருக்கிறது. அமாவாசை இரவில் கடப்பாரையோடு போய் மூடுகல்லை நெம்பித் தள்ளுவார்கள். கறுப்புச் சிவப்புப் பானையின் ஓடு வரும். அதை உடைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போவார்கள். ஒருமுறைகூடத் தங்கம் கிடைக்காமல் இத்தனை தலைமுறையாகச் சோராமல் உழைக்கிறார்களே, இந்த விடாமுயற்சியில் பத்தில் ஒரு பங்கு நம் ஆய்வு மாணவர்களுக்கு இருந்தால் ஆளுக்கு இரண்டு முனைவர் பட்டம் வாங்கியிருப்பார்கள்.

பெயர் பொறிக்கும் கலையில் மட்டும் அந்தப் பழங்காலத்து மன்னர்கள் நமக்கு ஓரளவு ஈடு கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதுவும் பொய்த்தது. அக்காத் மன்னன் நராம்-சின் மலைவாசிகளை வென்ற காட்சியை ஒரு கல்லில் செதுக்கி நிறுத்தியிருந்தான். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஏலாம் நாட்டு அரசன் ஷுத்ருக்-நக்குந்தே அதைக் கொள்ளையாகத் தூக்கிப்போய் சூசாவில் வைத்தான். வைத்தவன் தன் பெயரையும் அதில் வெட்டினான். சரி, இதுவரை நம் ஆள். ஆனால் நராம்-சினின் எழுத்தைத் தொடாமல், ஓரத்தில் காலியாக இருந்த இடம் பார்த்து வெட்டினான்! கொள்ளைக்காரனுக்கு என்ன கூச்சம்! அந்தக் கல் இன்று பாரிஸில் லூவ்ர் மியூசியத்தில் இரண்டு பேர் எழுத்தோடும் நிற்கிறது. நம் காதலர்கள் ஓரம் தேடுவதில்லை. கல்திட்டையின் நடு நெற்றியில் எனாமல் பெயிண்டில் இரண்டு பெயர், நடுவே ஓர் இதயம், இதயத்தில் ஓர் அம்பு, கீழே வருடம். வருடம் போடுவதுதான் முக்கியம். பிற்காலத் தொல்லியலாளர் காலக்கணிப்புக்குக் கஷ்டப்படக்கூடாது என்ற கரிசனம்.

விருந்துக்கும் வருவோம். அசீரிய மன்னன் இரண்டாம் அஷூர்நசீர்பால் கல்ஹூ நகரில் அரண்மனை கட்டிப் புதுமனை புகுந்தபோது 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து போட்டான். கணக்கு அவன் நிறுத்திய கல்லிலேயே இருக்கிறது. 10,000 ஜாடி பீர், 10,000 தோல்பை திராட்சை மது. நம் சீசன் கூட்டத்துக்கு இது ஒரு பொருட்டா? நீதிமன்றம் சொல்லி இ-பாஸ் வந்து, வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டிய பிறகும் மலை தாங்கவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்த 69,574 பேரும் குடித்துவிட்டுக் காலி ஜாடிகளைத் தங்கள் முன்னோரின் கல்லறைக்குள் உருட்டிவிட்டுப் போனதாக அஷூர்நசீர்பாலின் கல் சொல்லவில்லை. எழுத விட்டுப்போயிருக்கலாம். பேத்துப்பாறைப் பக்கம் போனால் எழுதவே வேண்டியதில்லை. குனிந்து உள்ளே பார்த்தாலே பிராண்டு உட்படத் தெரியும். செத்தவனுக்கு உணவும் பானமும் வைக்கும் மரபை மூவாயிரம் ஆண்டு கழித்தும் கைவிடாதவர்கள் நாம். பாட்டில் காலியாக இருக்கிறது என்பது சின்னக் குறை.

இவ்வளவு துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். சாபம் இல்லாததால் இருக்கலாம். அசீரியர் எதை எழுதினாலும் கடைசியில் ஒரு சாபம் வைப்பார்கள். நினிவேயில் இருந்த அஷூர்பனிபாலின் நூலகத்துக் களிமண் பலகைகளில், இதை எடுத்துப் போகிறவன், என் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதுகிறவன், அவன் பேரும் வம்சமும் அழியட்டும் என்று இருக்கும். நம் கோயில் கல்வெட்டிலும் உண்டு, கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் என்று. கல்திட்டை கட்டியவர்கள் பாவம், கல்லில் ஒரு எழுத்தும் வெட்டவில்லை. பின்னால் வரும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நினிவேயின் கதை இன்னும் வேடிக்கை. கி.மு. 612இல் மேதியரும் பாபிலோனியரும் சேர்ந்து அதைக் கொளுத்தினார்கள். அரண்மனை எரிந்தது. நூலகமும் எரிந்தது. ஆனால் எழுதியிருந்தது களிமண்ணில். தீயில் வெந்து செங்கல்லாகக் கெட்டிப்பட்டு, துண்டும் துணுக்குமாக முப்பதாயிரத்துக்கு மேல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. 1872இல் ஜார்ஜ் ஸ்மித் அதில் ஒரு துண்டில் பிரளயக் கதையைப் படித்தார். எதிரி வைத்த தீ காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அழிக்கத் தெரியாதவர்கள் கையில் அழிவு சிக்கினால் இப்படித்தான் ஆகும். எதிரியை நம்பாமல், சொந்தக்காரர்களே பொறுப்பை எடுத்துக்கொண்டதால்தான் நம் மலையில் வேலை சுத்தமாக நடக்கிறது.

இந்த ஒழுங்கைக் கெடுப்பதற்கென்றே சிலர் வருகிறார்கள். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜனும் அவர் மாணவர்களும் தாண்டிக்குடியில் தோண்டினார்கள். அப்புறம் 2009, 2010இல் மலையின் அடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் தோண்டினார்கள். ஒரு கல்லறைக்குள் நாலு கால் வைத்த ஜாடி. அதற்குள் இரண்டு கிலோ நெல். கூடவே ஒரு பிரிமனை, அதில் தமிழ் பிராமியில் மூன்றெழுத்து. நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினால் கி.மு. 490 என்று பதில் வந்தது. நினிவே சாம்பலாகி நூற்றிருபது ஆண்டு, பாபிலோனைப் பாரசீகத்து டாரியஸ் ஆண்டுகொண்டிருந்த நேரம். அப்போது நம் மலையடியில் ஒருவர் சாகிறார். அவருக்கு வேண்டியவர் யாரோ இரண்டு கிலோ நெல்லை அளந்து வைக்கிறார், பாத்திரம் உருளாமலிருக்கப் பிரிமனை வைக்கிறார், அதில் எழுத்தும் கீறி வைக்கிறார். அந்தக் கல்லறையை எப்படியோ நாம் தவறவிட்டிருக்கிறோம். கடப்பாரை முந்தியிருந்தால் அந்த நெல் கோழிக்குப் போயிருக்கும். தமிழ் எழுத்தின் வயது பற்றி இவ்வளவு சண்டையும் வந்திருக்காது, நாற்பது குழுக்களும் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

அக்காத் பேரரசின் தலைநகரம் எங்கே இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் மன்னன் சர்கோனின் துறையில் மெலூக்காவின் கப்பல்கள் வந்து நின்றனவாம், மெலூக்கா என்பது சிந்துவெளி என்கிறார்கள் அறிஞர்கள். அத்தனை பெரிய ஊர் முகவரி இல்லாமல் போக நாலாயிரம் ஆண்டு ஆகியிருக்கிறது. நமக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. 1928 நூலில் பதிந்தவற்றைச் சுத்தம் செய்வதில் நூறாண்டு நிறைய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

ஆனாலும் வேலை முடிந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் சில நிற்கின்றன. பேத்துப்பாறையில் நிற்கின்றன. பாதை இல்லாத முகடுகளில் மூடுகல் நகராமல் நிற்பவையும் உண்டு. பெயிண்ட் படாத நெற்றிகளும் உண்டு. தாமதித்தால் எந்த வேலையற்றவனாவது வந்து நாடா பிடித்து அளந்துவிடுவான். அடுத்த சீசனுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.