எலிப்படுக்கையியல்: ஐந்திணை நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கமும் எல்லையும்

மனிதன் எதில் படுக்க வேண்டும் என்பது பற்றி நம்மிடையே பேச்சுக்குப் பஞ்சமில்லை. கோரைப்பாய்க்கு ஒரு கட்சி, இலவம்பஞ்சுக்கு ஒரு கட்சி, கயிற்றுக் கட்டிலுக்கு ஒரு கட்சி. முதுகுவலி கண்ட பெரியவர் எவரும் இத்துறையில் பேராசிரியரே. எலி எதில் படுக்க வேண்டும் என்ற வினாதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையைக் களைய எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வின் எல்லைக்குள் வருவன: வீட்டில் செல்லமாக வளரும் வெள்ளை எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர், அயல்நாட்டுப் பாம்பு வளர்ப்போர் இரைக்காக வைத்திருக்கும் எலிகள். அரிசி மூட்டையைக் குடைந்து தம் படுக்கையைத் தாமே அமைத்துக்கொள்ளும் தன்னாட்சி எலிகள் விலக்கப்பட்டன.

பிள்ளையாரின் வாகனத்தைச் சான்றாகக் கொள்ளலாமா எனின், கொள்ளலாகாது. சிற்பிகள் அதைக் கருங்கல் மேலேயே நிறுத்திவிட்டனர். அன்றியும், அது மூஞ்சூறு என்போர் கூற்றை ஏற்றால் சிக்கல் முற்றுகிறது: விலங்கியலார் கணக்கில் மூஞ்சூறு கொறிவிலங்கே அன்று; பூச்சி தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. ராஜஸ்தானத்து தேஷ்நோக்கில் உள்ள கர்ணி மாதா கோயில் எலிகள் பளிங்குத் தரையில் உலவுகின்றன. ஆயினும் பாலும் இனிப்பும் படைக்கப்பெறும் அவற்றின் வாழ்க்கைத்தரம் பொது விதி வகுக்க உதவாது.

கருதுகோள்

எலிப் படுக்கை எலியின் மூக்குக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை; வளர்ப்பவரின் மூக்குக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஏனைய குழப்பங்கள் யாவும் இதன் கிளைகளே.

திணைப் பகுப்பு

குறிஞ்சி: மரச்சீவல். மலையில் விளைந்த மரத்தை இழைப்புளி தள்ளும்போது வரும் சுருள். பைன், செடார் சீவல்கள் கமகமவென்று மணக்கும். ‘எவ்வளவு சுத்தமான வாசனை!’ என்று வளர்ப்பவர் மகிழ்வார். அவ்வாசனை மரத்திலிருந்து ஆவியாகும் வேதிப்பொருள்களால் ஆனது. அதைக் கழிக்கும் வேலை எலியின் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. 1967இல் எலியட் வெசல் என்ற அமெரிக்க மருந்தியலார் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினார். செடார் போன்ற மென்மரச் சீவலில் கிடந்த எலிகளின் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பெருகின. தூக்க மருந்து கொடுத்தால் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் விழித்துக்கொண்டன. படுத்த படுக்கையே தூக்கத்தைக் கெடுத்த இச்செய்தி உரையாசிரியர்கள் கண்ணில் படாமற் போனது வியப்பே. சூளையில் உலர்த்திய பைனில் இக்குற்றம் குறையும். ஆஸ்பென் போன்ற வன்மரச் சீவலில் இல்லை எனலாம்.

சீவல் வேறு, தூள் வேறு. மர அறுவை ஆலையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூள் எலியின் நுரையீரலுக்கு ஆகாது. அதில் எந்தெந்த மரம் கலந்தது என்று ஆலைக்காரருக்கே தெரியாது. பிளைவுட் தூளோடு பசையும் பார்மால்டிஹைடும் சேர்ந்து வரும்.

முல்லை: புன்செய் நிலத்து மக்காச்சோளக் கட்டையை உடைத்த துண்டுகளும் உலர்புல்லும். மக்காச்சோளத் துண்டு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஹாம்ஸ்டர் அதைத் தின்றால் குடல் அடைக்கும். புல் கூடு கட்ட நல்லது, சிறுநீரை உறிஞ்சத் தகாதது. முரட்டுத் தாள் கண்ணில் குத்தும்.

மருதம்: உமி. அரிசி ஆலையில் மூட்டையாகக் கிடைப்பதால் விலையில் இதை வெல்வார் இல்லை. இந்திய ஆய்வுக்கூடங்களிலும் நீராவியில் கிருமி நீக்கிய உமி பரவலாகப் பயன்படுகிறது. நீராவி அழுத்தக்கலம் இல்லாத வீட்டில் அதே உமி தூசியோடும் சிறு பூச்சிகளோடும் குடியேறும். உமியில் சிலிக்கா மிகுதி, உறிஞ்சும் திறன் குறைவு; பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில் புடைத்து, வெயிலில் காயவைத்து, மேலே காகிதம் பரப்புக.

நெய்தல்: தென்னை நார்க்கழிவு. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடிக்கும். காய்ந்தால் புழுதி, நனைந்தே கிடந்தால் பூஞ்சை. நடுநிலையில் வைத்திருப்பவருக்கு மட்டும் உகந்தது.

பாலை: ஏதுமற்ற கம்பிவலைத் தரை. சிறுநீர் கீழே வடிந்துவிடுவதால் சுத்தம் என்பர். நாள்பட நின்ற எலியின் பாதம் புண்ணாகும். இத்திணைக்கு உரிய உரிப்பொருள் பிரிவு. எலி உயிரைப் பிரியும்.

கைக்கிளை: ஒருதலைக் காதல். ஹாம்ஸ்டருக்கென்றே விற்கப்படும் பஞ்சுமெத்தை. மேகம்போல் இருப்பதால் வளர்ப்பவர் இதைக் கண்டு உருகுவார். அதன் இழை காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். விழுங்கினால் குடலில் சிக்கும். அன்பு முழுவதும் ஒரு பக்கத்தில்தான்.

பெருந்திணை: பொருந்தாக் காமம். பூனைக் கழிப்பறைக்கு விற்கும், நீர் பட்டால் கட்டியாகும் களிமண் குருணையை எலிக்கு இடுதல். கொறிப்பது எலியின் குலத்தொழில். கொறித்த குருணை வயிற்றிலும் கட்டியாகும். பூனை நேரில் வராமலேயே எலியைக் கொல்ல இதுவொன்றே வழி.

திணை மயக்கம்: காகிதம். குறிஞ்சி மரமும் மருதக் கரும்பும் இதில் கலக்கின்றன. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்குப் பெயர்பெற்றது. அச்சிடாத காகிதத்தைக் கிழித்துப் போட்டால் மணமில்லை, தூசி குறைவு. கறுப்பு வெள்ளை நாளிதழும் ஆகும், ஆனால் சீக்கிரம் நனைந்து நாறும். பளபளக்கும் வண்ணத்தாள் உறிஞ்சாது. கடை ரசீதும் ஏ.டி.எம். சீட்டும் பிஸ்பீனால் வகைப் பூச்சு கொண்ட வெப்பத்தாள்கள் ஆதலின் விலக்குக.

நாற்றவியல்

எலியின் சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. மனிதர் வேலை செய்யும் இடத்தில் நாளின் சராசரி 25 பிபிஎம்மைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை. அந்த மனிதர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். எலிக்கு அலுவலகமும் வீடும் ஒன்றே. செல்ல எலிகள் பலவற்றின் மூச்சுக்குழலில் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி ஏற்கெனவே குடியிருக்கிறது. அம்மோனியா அதற்கு ஆதரவுக் கட்சி. வளர்ப்பவர் நின்றுகொண்டு முகர்கிறார், எலி தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் முகர்கிறது. உங்களுக்கு இலேசாக நாறும் கூண்டு அதற்கு எப்போதோ நாறத் தொடங்கிவிட்டது. லாவண்டர் மணமூட்டிய படுக்கை அம்மோனியாவை நீக்காது, உங்களிடமிருந்து மறைக்கும்.

ஆழவியல்

சிரியாவின் அலெப்போ வட்டாரத்து ஹாம்ஸ்டர் மண்ணைத் தோண்டி வாழ்வது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் 10, 40, 80 செ.மீ. ஆழப் படுக்கைகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். 10 செ.மீ. பெற்றவை கூண்டுக் கம்பியை மிகுதியாகக் கடித்தன. ‘என் ஹாம்ஸ்டருக்குக் கம்பி என்றால் உயிர்’ என்போர் தரையைத் தோண்டிப் பார்க்க.

பொருளியல்

படுக்கையின் விலையைக் கிலோவுக்குக் கணக்கிடுவது பிழை, நாளுக்குக் கணக்கிடுக. பையின் விலையை அது தாங்கும் நாட்களால் வகுத்தால் வருவதே உண்மை விலை. அன்றாடம் மாற்ற வேண்டிய மலிவான உமி, பல நாள் தாங்கும் காகிதக் குருணையைவிடச் செலவு வைக்கக்கூடும். அடியில் உறிஞ்சும் காகிதக் குருணை, மேலே கிழித்த தாள், மூலையில் மணமற்ற டிஷ்யூ என்னும் கூட்டணி மலிவானது. நனைந்த மூலையை நாள்தோறும் எடுத்தால் முழுப் படுக்கையை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. மாற்றும்போதும் பழைய கூட்டில் ஒரு பிடி விட்டுவைக்க: தன் மணம் முற்றும் போய்விட்டால் எலி கலங்கும்.

இரை எலிக்கு இவ்வளவு தேவையா எனின், தேவையே. நாளை பாம்பின் வயிற்றுக்குப் போவதாயினும் இன்று மூச்சு விடுவது அதே நுரையீரலால்தான்.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. கடைக்குப் போனால் பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள், கையில் அள்ளி உதறிப் பாருங்கள். மணந்தாலும் தூசி பறந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு, பழைய காகிதக் கட்டோடு வீடு திரும்புங்கள்.