காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை

சிங்கப்பூரின் காத்தோங்கில் இலங்கைத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி கிடையாது. அந்தக் குறையைச் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலின் அன்னதானக் கூடம் தீர்த்துவைக்கிறது. மலாயா ரயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கிளாக்கர் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே கூடுவார்கள். வாக்கு ஒருவருக்கும் இல்லை. தீர்ப்பு எல்லாரிடமும் உண்டு. சோற்றில் சாம்பார் விழும்போது கொழும்பில் ஓர் அரசு கவிழும். பாயசம் வருவதற்குள் இன்னொன்று பதவியேற்றுவிடும்.

2024-இல் அந்தக் கூடம் வழக்கத்துக்கு மாறாக ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. இலங்கையின் புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நல்லவர். காரணம்? "பொடியன் கள்ளன் இல்லை." அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வயதுப் பொடியன். சுதந்திரம் கிடைத்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு நாட்டின் தலைவருக்கு நாங்கள் வைத்த தகுதித் தேர்வு இதுதான்: கல்லாப்பெட்டியோடு ஓடாமல் இருந்தால் போதும். ஓடியவரைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் நாங்கள். 2022 ஜூலை 14 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவு வழியாகச் சாங்கியில்தான் வந்து இறங்கினார். பதவி விலகல் கடிதத்தை இங்கிருந்தே மின்னஞ்சலில் அனுப்பினார். இலங்கையைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்று ஜே.ஆர். ஜெயவர்த்தன காலத்திலிருந்து சொல்லிவந்தார்கள். அது நடக்கிற மாதிரித் தெரியாததால் இவர் தானே சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்து மக்கள் எங்களைப் போலச் சாம்பாரும் கையுமாக முடிவெடுக்கவில்லை. அளந்துதான் எடுத்தார்கள். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தது 27,000 சொச்சம் வாக்கு. எட்டே வாரத்தில், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டம் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 80,000-க்கு மேல் கொடுத்தது. ஆறு ஆசனங்களில் மூன்று. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி தமிழ்க் கட்சிகளை முந்திக்கொண்டு அங்கே முதலிடத்தில் நின்றது. அந்தச் சக்தியின் முதுகெலும்பு ஜே.வி.பி. எனும் மக்கள் விடுதலை முன்னணி என்பது வாக்களித்தவர்களுக்குத் தெரியாததல்ல. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006-இல் நீதிமன்றம் போய்ப் பிரித்துவைத்த கட்சி. சுனாமி நிவாரணத்தைப் பங்கிட ஒரு பொதுக் கட்டமைப்பு வருகிறது என்றதும் 2005-இல் அரசைவிட்டே எழுந்துபோன கட்சி. அத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். வீடு வீடாகப் போய்த் துண்டறிக்கை கொடுத்த உள்ளூர்ப் பிள்ளைகளின் முகத்துக்காகவும் போட்டார்கள். 'இந்த முறை இனவாதம் இல்லை, அம்மா' என்று படலையில் நின்று சொன்ன பிள்ளைகள். இன்று அதே படலையைத் தாண்டும்போது அவர்கள் கைபேசியைப் பார்த்தபடி போகிறார்களாம்.

அந்த வாக்கு ஒரு பெருந்தன்மை. கொழும்பு அதைப் பற்றுச்சீட்டாக எடுத்து வைத்துக்கொண்டது: பழைய கடன் தீர்ந்தது, இனி ஒன்றும் தர வேண்டியதில்லை.

முதலில் சர்வதேச நாணய நிதியம். 2023 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க ஏறக்குறைய 300 கோடி டொலருக்குப் போட்டுவைத்த ஒப்பந்தம். மேடையில் தோழர்கள் அதை மறுபடி பேசுவோம், கடனை எங்கள் கணக்கில் ஆராய்வோம் என்றார்கள். பேசத்தான் செய்தார்கள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மரியாதையாக. தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், செப்டெம்பர் 19 அன்று, போகப்போகிற அரசு கடன் பத்திரக்காரர்களோடு அவசர அவசரமாக முடித்த இணக்கத்தை, வந்த அரசு அந்த டிசம்பரிலேயே நிறைவேற்றிக் கொடுத்தது. மத்திய வங்கி ஆளுநர் பழைய ஆள். திறைசேரிச் செயலாளரும் 2025 ஜூன் வரை பழைய ஆளேதான். மார்க்ஸ் சுவரில் இருக்கிறார். கணக்குக் கொப்பி வாஷிங்டனில் இருக்கிறது. மின்கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்போம் என்றார்கள். 2025 ஜனவரியில் 20 விழுக்காடு குறைந்தது. வெடி கொளுத்தியவர்கள் கை கழுவுமுன், ஜூனில் 15 விழுக்காடு ஏறியது.

அடுத்தது இந்தியா. 'இந்திய விஸ்தரிப்புவாதம்' ஜே.வி.பி. தன் பிள்ளைகளுக்கு நடத்திய வகுப்புகளில் தனிப்பாடம். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கி, இந்தியப் பொருள் விற்ற கடைகளை மிரட்டி மூடவைத்த கட்சி. அதை நம்பிப்போன சிங்களப் பிள்ளைகள் ஆயிரமாயிரமாய்த் தெருவோர டயர்களில் எரிந்தார்கள். 2025 ஏப்ரல் 5 அன்று நரேந்திர மோடியின் கழுத்தில் அதே கட்சியின் தலைவர் 'மித்ர விபூஷண' பதக்கத்தை அணிவித்தார். பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றும் கைச்சாத்தானது. அதன் வாசகத்தை நாட்டு மக்களின் கண்ணில் காட்டவில்லை. அண்டை நாட்டோடு நட்பு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் தம்புத்தேகமவிலோ தங்காலையிலோ, எரிந்துபோன மகனின் படத்துக்கு இன்னும் விளக்கு வைக்கிற ஒரு தாய் அன்றிரவு தொலைக்காட்சி பார்த்திருந்தால், அவளுக்கு எந்தத் தோழர் போய் விளக்கம் சொல்லியிருப்பார்?

சமரசமே கூடாது என்பது என் வாதமல்ல. வெறுங் கஜானாவோடு வந்தவர் கடன்காரனிடம் மீசை முறுக்க முடியாது. அது எனக்கும் விளங்கும். ஆத்திரம் வேறு இடத்தில். இந்த வளைவு எப்போதும் மேல்நோக்கியே இருக்கிறது. வாஷிங்டன் கேட்டால் யதார்த்தம். டெல்லி கேட்டால் ராஜதந்திரம். படைத்தரப்பு கேட்டால் தேசியப் பாதுகாப்பு. பௌத்த மகாநாயக்கர் கேட்டால் மத உணர்வுக்கு மதிப்பு. காணியை இழந்த கிழவி கேட்டால் மட்டும் 'சட்டச் சிக்கல் இருக்கிறது, அம்மா'. தலைவருக்குக் கொள்கை உறுதி இல்லை என்று யார் சொன்னது? அவரிடம் உள்ள உறுதியெல்லாம் அந்தக் கிழவிக்கென்றே எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். 1979-இல் வந்தபோது அதன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. தற்காலிகத்துக்கு இப்போது பேரப்பிள்ளை பிறந்திருக்கும். அதை நீக்குவோம் என்பது இவர்களின் எழுத்து மூல வாக்குறுதி. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராகக் கொழும்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய இருபத்திரண்டு வயது முஸ்லிம் இளைஞரை அதே சட்டத்தின் கீழ் பிடித்து அடைத்தார்கள். தடுப்புக்காவல் ஆணையில் பாதுகாப்பு அமைச்சர் என்ற முறையில் கையெழுத்திட்டவர் ஜனாதிபதி. ஸ்டிக்கரும் சுவரொட்டியும் ஒட்டியே வளர்ந்த ஒரு கட்சி, ஸ்டிக்கர் ஒட்டியவனைப் பயங்கரவாதி என்கிறது! சட்டத்தை நீக்குவது எப்படி என்று ஆராயக் குழு போட்டார்கள். பாவிப்பது எப்படி என்பதற்கு எந்தக் குழுவும் தேவைப்படவில்லை.

காணி விஷயம். 2025 மார்ச் 28 அன்று ஒரு வர்த்தமானி: வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர்; மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரசுக்கு. யாரிடம் கேட்கிறார்கள்? போரின் முடிவில் முள்ளிவாய்க்காலிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களிடம், உறுதிப் பத்திரத்தை எடுத்துவா என்கிறார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு அதை மீளப்பெற்றார்கள். மீளப்பெற்றதையும் ஒரு சாதனையாகச் சொல்லக் கேட்டேன்.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பலாலி–வசாவிளான் வீதி. முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவம் மூடிவைத்திருந்த வீதி, 2025 ஏப்ரல் 10 அன்று திறக்கப்பட்டது. உள்ளூராட்சித் தேர்தலுக்கு இன்னும் நாலு வாரம். முகூர்த்தம் பார்த்தவர் கெட்டிக்காரர். திறந்த வீதிக்கு அன்று நிபந்தனைகள் இருந்தன. காலை ஆறு மணிக்குத் திறந்தார்கள், மாலை ஐந்துக்கு மூடினார்கள். நடந்து போகக் கூடாது. இடையில் வண்டியை நிறுத்தக் கூடாது. திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. அந்த வீதியின் இரண்டு பக்கமும் கிடப்பவை அந்த ஊர்ச் சனத்தின் காணிகள். அதாவது, ஒரு மனுசன் தன் கிணற்றையும் மாமரத்தையும் ஓடுகிற வண்டிக்குள் இருந்தபடி, கழுத்தைத் திருப்பி, ஆனால் வண்டியைத் திருப்பாமல், ஒரு நாளில் பதினொரு மணி நேரத்துக்குள் பார்த்துக்கொள்ள முடிந்தது. மிருகக்காட்சிச் சாலையில்கூட இறங்கி நின்று பார்க்க விடுவார்கள். இதற்கு நன்றி சொல்லிப் பதாகை கட்டியவர்களையும் பார்த்தோம்.

2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி மறுபடி வடக்கே வந்தார். மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்குத் தொடக்கம், மயிலிட்டித் துறைமுகத்தில் விழா, பிறகு படகேறிக் கச்சதீவு. மனிதர் குடியிராத அந்தத் தீவுக்குப் போன முதல் ஜனாதிபதி என்ற பெருமை. மயிலிட்டிக்குப் பக்கத்து ஊர் தையிட்டி. அங்கே தனியார் காணியில் எழுந்த விகாரை அதே இடத்தில் நிற்கிறது. காணிக்காரர்கள் போயா நாள் தோறும் வெளியே நிற்கிறார்கள். செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் அந்த வருடம் தோண்டத் தோண்ட இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையவை உட்பட. ஜெனீவாவின் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு அரசின் பதில்? வெளியார் விசாரணை வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம். ராஜபக்சக்கள் சொன்ன அதே பதில். புதிதாக எழுதிக்கொள்ளக்கூட யாரும் சிரமப்படவில்லை.

அன்னதானக் கூடத்தில் இதையெல்லாம் சொன்னால், "ஒரேயடியா எல்லாம் ஏலுமே தம்பி? கொஞ்சம் ரைம் குடுங்கோவன்" என்பார் ஒரு அண்ணை. "அவர் நல்லவர்தான், சுத்தி நிக்கிற ஆக்கள்தான் சரியில்லை" என்பார் ஒரு மாமி. சுற்றி நிற்கிற ஆட்களை யார் நியமித்தது என்று கேட்டால் மோர் வந்துவிடும். இன்னொருவர், ரணிலையே 2025 ஓகஸ்ட்டில் கைது செய்தாரே, அது போதாதா என்பார். நல்ல காரியம், நானும் கைதட்டினேன். ஆனால் பழையவரைப் பூட்டிவிட்டு, அவருடைய ஒப்பந்தத்தைச் சட்டகம் போட்டு மாட்டிவைப்பதை என்னவென்று சொல்வது?

தொண்டர்கள் கோபித்துக்கொண்டால் தலைவர் திருந்துவார் என்று நம்புகிறவர்களுக்கு சிங்கப்பூரிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1959-இல் லீ குவான் இயூவின் மக்கள் செயல் கட்சியை ஆட்சியில் ஏற்றியதில் பெரும்பங்கு தொழிற்சங்கத் தொண்டர்களுக்கு. சிறையிலிருந்த லிம் சின் சியோங் முதலானோர் வெளியே வந்த பிறகே பதவியேற்பு. இரண்டு வருடத்தில் மலாயாவோடு இணையும் பேச்சு வந்தது, கட்சி பிளந்தது. 51 கிளைக் குழுக்களில் 35 வெளியேறின. சம்பளம் வாங்கிய அமைப்புச் செயலாளர்கள் 23 பேரில் 19 பேர் போனார்கள். கீழே கட்டடமே இல்லை, கூரை மட்டும் மிஞ்சியது. கூரை விழவில்லை. 1963 பெப்ரவரியில் வெளியேறியவர்களில் பலர் மறுபடி சிறைக்குள் இருந்தார்கள். பிரதமர் 1990 வரை பிரதமராகவே இருந்தார். கொழும்பில் யாராவது இந்தச் சரித்திரத்தைப் படித்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

யாழ்ப்பாணத்தவர் கோபத்தை ஊர்வலமாகக் காட்டவில்லை. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் வரை பொறுத்திருந்தார்கள். நாடு முழுவதும் 61 விழுக்காட்டில் இருந்த தேசிய மக்கள் சக்தி 43-க்கு இறங்கியது. வடக்கில் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்தது. தமிழரசுக் கட்சி ஏதோ சாதித்துவிட்டதென்று அல்ல. அவர்கள் ஏமாற்றுவது எப்படி என்பது யாழ்ப்பாணத்தவருக்கு மனப்பாடம். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து வர வேண்டியது மாகாண சபைத் தேர்தல். வடக்கு மாகாண சபைக்கு மக்கள் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21. அதன் ஆயுள் 2018-இல் முடிந்து, அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. ஒரு வருடத்துக்குள் தேர்தல் நடத்துவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதினார்கள். வருடம் போய்விட்டது. எல்லை நிர்ணயம் இன்னும் முடியவில்லை என்கிறார்கள். மே 6-இல் வாங்கிய அடிக்குப் பிறகு எந்த எல்லை ஐயா நிர்ணயமாகும்?