மரத்துக்கு அம்மை

ஸ்கார்பரோ
நவம்பர் 2

அக்கா,

நான் அனுப்பிய மரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு அம்மை போட்டிருக்குடா, அங்கே வேப்பிலை கிடைக்குமா?" என்று கேட்டாய். அத்தான் திருஷ்டிப் பொட்டு என்றாராம். இரண்டும் இல்லை. ரைட்டிஸ்மா என்றொரு பூஞ்சை. ஜூனில் வெளிர்மஞ்சள் புள்ளியாக வரும். ஆகஸ்டில் நாலணா அகலத்துக்குத் தார் தெறித்த மாதிரி கறுத்துவிடும். இங்கே அதற்குப் பெயரே தார்ப்புள்ளிதான்.

நான் சும்மா இருப்பேனா? மருந்து வாங்கி, ஏணி போட்டு அடித்தேன். மரத்தைவிடச் சட்டைக்குத்தான் நன்றாகப் பிடித்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா வேடிக்கை பார்த்து முடித்த பிறகுதான் சொன்னார்: கறுத்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை, மரம் இதனால் சாகவும் சாகாது. ஓர் இலையைப் பறித்துக் காம்பை ஒடித்தார். எருக்கு மாதிரி பால் வந்தது. பால் வந்தால் நார்வே மேப்பிளாம், ஐரோப்பாவிலிருந்து வந்த மரம். கனடாக் கொடியில் இருப்பது இதுவல்ல. புது பிளாஸ்டிக் நோட்டில் இந்த நார்வே இலையைப் போட்டுவிட்டார்கள் என்று 2013-இல் தாவரவியல்காரர்கள் கிளப்பினார்கள். அது பொதுவாக வரைந்த இலை என்றது கனடாவின் மத்திய வங்கி. நானும் இருபது டாலரையும் இலையையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கால்மணி நேரம் நின்றேன். போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

பூஞ்சை உதிர்ந்த சருகில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்து ஈரத்தில் அங்கிருந்து வித்து கிளம்பி, துளிர் இலையில் ஏறும். ஆகவே வைத்தியம் ஒன்றுதான்: கூட்டி அள்ளுவது. அந்த வேலைக்கு நான்தான்.

அள்ளியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். குப்பை வண்டி போய்விட்டது, பை அங்கேயே நின்றது. பை என்றால் காகிதப் பைதான் ஆகும். அதுவும் 20 கிலோவைத் தாண்டக் கூடாது. மழையில் நனைந்த சருகு என்ன கனம் தெரியுமா? பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுவேன், பிறகு பை இல்லாமல் ஏறுவேன், கழித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு பைக்கும் இரண்டு தடவை. பையின் எடை சரிதான். என் எடைதான் சரியில்லை, ஊரில் சொல்லாதே.

வெட்டிவிடு என்பார் அத்தான். விட்டம் முப்பது சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், சொந்த வாசல் மரத்துக்கும் அனுமதி வாங்கணும். அந்த விஷயத்தில் இந்த ஊரும் மும்பை மாநகராட்சியும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.

அங்கே மும்பையில் நம் தெருவில் விடியற்காலையில் சருகு கூட்டும் சத்தத்தில் புரண்டு படுப்பேன். யார் கூட்டுகிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது அந்தச் சத்தம் என் கையிலிருந்து வருகிறது. மாட்டுங்காவில் பேரம் பேசி வாங்கும் வாழையிலை ஒன்றுக்கு, இங்கே விழுகிற ஆயிரம் இலை ஈடாகாது. தீபாவளிக்கு அலுமினியத் தாளில்தான் பரிமாறினாள் உன் தம்பி மனைவி.

இன்றோடு பதினேழு பை. பாதி இலை இன்னும் மரத்தில்தான் இருக்கிறது.

உன் தம்பி