'ஏதோ போகுது': கந்தோர்த் திருப்தி குறித்த ஓர் ஆராய்ச்சி

தொழில் திருப்தி என்னும் துறைக்கு ஆதிநூல் 1935இல் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் ஹொப்பொக் என்ற அமெரிக்கர். ஆய்வுக்கு அவர் நியூயோர்க்கைத் தேடிப் போகவில்லை. பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற சிற்றூருக்குப் போய், அங்கே உழைத்துச் சம்பாதிக்கும் ஆட்களிடம் வேலை பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். ஆகவே மாத்தளை மாவட்டத்தில், கலேவெலவுக்குப் பக்கத்திலுள்ள வஹகோட்டையை ஆய்வுக்களமாகக் கொள்வதில் முறைப்பிழை ஏதுமில்லை. நியூ ஹோப்புக்கு வாய்க்காத ஒன்றும் இங்கே உண்டு. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று பேர்பெற்ற புனித அந்தோனியாரின் திருத்தலம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கந்தோரில் பைல் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆய்வாளர், காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பும் ஓர் எழுதுவினைஞர். ஆய்வுக் கருவி, "வேலையெல்லாம் எப்படி?" என்ற ஒரே கேள்வி. செலவு, அவ்வப்போது வாங்கிக் கொடுத்த பிளேன்டீ.

கிடைத்த விடைகளில் முதலிடம் 'ஏதோ போகுது' என்பதற்கே. எது போகிறது, எந்தப் பக்கம் போகிறது, யார் ஓட்டுகிறார் என்பதெல்லாம் சொல்லப்படுவதில்லை, கேட்பதும் மரியாதையில்லை. சிங்களத்தில் கேட்டால் 'ஒஹே யனவா' என்பார்கள். அதுவும் இதேதான். மொழிக்காக 1956 முதல் எத்தனையோ சட்டமும் திருத்தமும் கண்ட நாட்டில், இரண்டு அரச கரும மொழிகளும் இந்த ஒரு விஷயத்திலாவது முழு உடன்பாட்டுக்கு வந்திருப்பதை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை.

வஹகோட்டைக் கத்தோலிக்கர், கண்டி அரசர் காலத்தில் இங்கே குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்பது நெடுநாளைய வழக்கு. கடல் கடந்து படைக்கு வந்து, கடைசியில் மலைநாட்டரசனின் ஊரொன்றில் குடியிருக்க நேர்ந்த அந்தச் சிப்பாய்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'போகுது' என்றும் சொல்லியிருக்க முடியாது. அவர்களைத்தான் போக விடவில்லையே.

இரண்டாம் இடம் 'பரவாயில்லை'. இதன் சிங்களச் சகோதரம் 'வரதக் நே'. பிரெடெரிக் ஹெர்ஸ்பர்க் என்ற உளவியலாளர் பிட்ஸ்பர்க் பகுதியில் பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து, 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிருப்தி நீங்கிவிட்டால் திருப்தி வந்துவிடாது, இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு என்பது அவர் கண்ட உண்மை. சம்பளமும் மேலதிகாரியும் காற்றோட்டமும் சரியாக இருந்தால் முணுமுணுப்பு அடங்கும்; மனநிறைவு செய்த வேலையிலிருந்துதான் வரவேண்டும். அடங்கியும் நிறையாமலும் இருக்கிற அந்த நடுநிலையை விளக்க அவருக்கு ஒரு முழுப் புத்தகம் தேவைப்பட்டது. எங்கள் பியோன் ஐயா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து "வரதக் நே மாத்தயா" என்று முடித்துவிடுகிறார்.

விடைகளை நம்பாமல் முகத்தை நம்பியவர்களும் உண்டு. 1955இல் குனின் என்பவர் பெரிய சிரிப்பிலிருந்து பெரிய சிடுசிடுப்பு வரை வரிசையாக முகங்களை வரைந்து, உன் வேலைக்குரிய முகத்தைத் தொட்டுக்காட்டு என்றார். நம் கந்தோர்களில் இம்முறை எடுபடாது. சம்பளத்தன்று ஒரு முகம், கணக்காய்வாளர்கள் வந்து இறங்கும் அன்று வேறொரு முகம். "நாளைக்கு வாங்க" என்று சொல்லும்போது வருகிற அந்தச் சாந்தமான முகம் எந்த அளவுகோலிலும் இல்லை. "சிஸ்டம் டவுன்" என்ற சொல் வந்த பிறகு அந்தச் சாந்தம் இன்னும் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் பைல் காணாமற்போனால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டும். சிஸ்டத்துக்குச் சம்பளமும் இல்லை, விசாரணையும் இல்லை.

'திங்கட்கிழமை என்றாலே ஒரு மாதிரி' என்ற முறைப்பாட்டையும் இங்கே தீர்த்துவிடலாம். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வேலைநாள். அதற்குப் பதிலாக மாதத்தின் நான்கு போயாக்களும் விடுமுறை. ஞாயிறு பூசையுள்ள வஹகோட்டைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு வேண்டியது, போயா எந்தக் கிழமையிலும் விழும் என்பதே. அதன் மறுநாள் சோம்பலும் சந்திரனோடு சேர்ந்து கிழமை கிழமையாக நகர்ந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மீது குற்றமில்லை.

இனி முக்கியமான சான்று. 'இதெல்லாம் ஒரு வேலையா?', 'எப்ப பென்ஷன் எடுத்துக்கொண்டு போறதோ' என்ற இரண்டும் கந்தோரில் தேத்தண்ணியைப் போல நேரம் தவறாமல் வரும். அரச ஊழியருக்கு ஆண்டுக்கு ஓய்வு விடுமுறை 24, அமைய விடுமுறை 21, ஆக 45 நாள் லீவு இருந்தும் இந்தப் பெருமூச்சு குறைவதில்லை. இப்படியிருக்க, 65க்கு உயர்த்தப்பட்ட ஓய்வு வயது, நாடு நொடிந்த 2022இல் மீண்டும் 60க்கு இறக்கப்பட்டது. அறுபதைக் கடந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பல வருடமாகக் கேட்ட வரம் கிடைத்தே விட்டது. முதலில் முகம் வாடியவர்கள் யாரென்றால், தினமும் பென்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களே. "இன்னும் ரெண்டு வருஷம் தந்திருந்தா என்ன?" என்று அவர்கள் கேட்டதை இவ்வாய்வாளர் காதாரக் கேட்டிருக்கிறார். ஹெர்ஸ்பர்க்குக்கு அகப்படாத சங்கதி இது. நம்மவர் முறைப்பாடு சொல்வது வேலை பிடிக்காததால் இல்லை. முறைப்பாடு சொல்லச் சம்பளத்தோடு இடமும், கேட்கப் பக்கத்து மேசையில் ஓர் ஆளும் வேறெங்கும் கிடைக்காததால்தான். பென்ஷன்காரரைப் பாருங்கள். வீட்டில் இரண்டும் இல்லாமல், "எங்கட காலத்தில கந்தோர் எண்டா கந்தோர்" என்று இல்லாத பொற்காலத்தைப் பாடத் தொடங்கிவிடுகிறார்.

'ரொம்ப சந்தோஷமா இருக்கேன்' என்ற விடை, நியமனக் கடிதத்தின் மடிப்புக் கலையாத ஒரு தம்பியிடமிருந்து மட்டுமே கிடைத்தது. மறுமாதமே அவரும் 'ஏதோ போகுது' அணியில் சேர்ந்துவிட்டார். எனவே, ஐந்து வருடச் சேவைக்குப் பிறகும் அப்படிச் சொல்லுகிற எவரையாவது தங்கள் கந்தோரில் கண்டால் வாசகர்கள் தயவுசெய்து அறியத்தரவும். மூன்று பிரதிகள், பிரிவுத் தலைவரின் கையொப்பத்துடன். அவர் மீட்டிங்கில் இருந்தால் நாளைக்கு அனுப்பினாலும் போதும்.