அட்டவணைக்காரர்

ரோம் நகருக்கு வரும் பயணிகளுள் பக்தர், ஓவியப் பித்தர், தேனிலவுத் தம்பதியர், கடைவீதிப் பிரியர் எனப் பல வகையினர் உண்டெனினும், அவர்கள் அனைவரையும் ஒரே குடும்பமாகத் திரட்டி, இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டு வரலாற்றை நான்கு நாளில் காட்டி முடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட அட்டவணைக்காரர் தனித்து ஆராயத் தக்கவர். இவ்வகையினர் குடும்பத்துக்கு ஒருவர் வீதமே தோன்றுகின்றனர். ஒரே வீட்டில் இருவர் தோன்றிவிட்டால் அவ்வீட்டார் பெரும்பாலும் எங்கும் புறப்படுவதில்லை.

இவருடைய குலம் பழமையானது. 1300ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக, அதாவது பாவத் தண்டனையிலிருந்து முழு விலக்குப் பெறத்தக்க புனித ஆண்டாக அறிவித்த திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், அவ்வருளைப் பெற விரும்பும் உள்ளூரார் தூய பேதுரு, தூய பவுல் பேராலயங்களை முப்பது நாளும், வெளியூரார் பதினைந்து நாளும் தரிசிக்க வேண்டும் என விதித்தார். வெளியூராருக்குச் சலுகை தேவை என்பதை அன்றே உணர்ந்த அவரது பெருந்தன்மையைப் போற்றும் அட்டவணைக்காரர், அப்பதினைந்து நாளையும் ஒரு முற்பகலாகச் சுருக்கி, மீதியைக் கொலோசியத்துக்கு ஒதுக்குகிறார். பதினாறாம் நூற்றாண்டில் ஏழு ஆலய யாத்திரையைப் பரப்பிய தூய பிலிப்பு நேரியும் இவருக்கு முன்னோடியே. சுமார் இருபது கிலோமீட்டர் நீளும் அந்நடையின் நடுவே ஒரு தோட்டத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, திராட்சை மது ஆகியவற்றோடு இசையும் அவர் வழங்கினார் என்பர். அட்டவணைக்காரர் அம்மகானிடமிருந்து கிலோமீட்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இவருடைய மேதைமை முழுமையாக வெளிப்படுவது பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பாகும். ஞாயிற்றுக்கிழமைகளில், மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக, வத்திக்கான் அருங்காட்சியகம் திறப்பதில்லை. திங்களன்று போர்கேசே கலைக்கூடம் திறப்பதில்லை. புதன் காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடைபெறும்போது பேதுரு சதுக்கத்துக்குள் நுழைவதே பெரும்பாடு. போதாக்குறைக்கு, சிறிய ஆலயங்கள் பல நண்பகலில் கதவடைத்துப் பிற்பகலில்தான் கண்விழிக்கின்றன. இவை ஒன்றோடொன்று முட்டாதபடி நான்கு நாளுக்குள் அடுக்குவது பஞ்சாங்கம் கணிப்பதற்கு ஒப்பான கலை என்பதால், ராகு காலத்துக்கு ஒரு நிறமும் நல்ல நேரத்துக்கு வேறொரு நிறமும் பூசி அவர் தயாரிக்கும் தாள் உண்மையிலேயே அழகியது. அத்தாளில் ரோம் முழுவதையும் அவர் பலமுறை சுற்றி வந்துவிடுவதால், பிறகு விமானம் ஏறுவது மேற்பார்வைக்காகத்தான் என்று கொள்வதே பொருந்தும்.

நகரமோ அத்தாளைப் படித்ததில்லை. கொலோசியத்துக்கு அருகிலுள்ள தூய கிளெமெந்து ஆலயத்தை எடுத்துக்கொள்ளலாம். மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆலயம், படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டு ஆலயம், மேலும் இறங்கினால் ரோமானியப் போர்வீரர்கள் விரும்பி வழிபட்ட மித்ராஸ் என்னும் கடவுளின் கோயில், அதற்கும் அப்பால் சுவருக்குப் பின்னே ஓடும் நீரின் ஓசை என அடுக்கடுக்காக அமைந்த இவ்விடத்துக்கு அட்டவணை அளித்திருப்பது முப்பது நிமிடம், அதாவது அடுக்குக்குப் பத்து. மூன்றாம் அடுக்கின் ஈரச் சுவரில் கைவைத்து நின்றுவிட்ட மூத்த மகளை மேலே அழைத்து வருவதற்குள் பதினொரு நிமிடம் கடன் விழுகிறது. முகூர்த்தம் தவறிய கல்யாண வீட்டின் பரபரப்பு அவர் முகத்தில் குடியேறுகிறது.

கடனை அடைக்க நடையை விரைவுபடுத்தலாம் என்றால், சம்பியெத்ரீனி எனப்படும் கருங்கல் துண்டுகளைப் பதித்த தெருக்கள் புதுச் செருப்புகளை ஏற்பதில்லை. தெருமுனைதோறும் நசோனே எனப்படும் வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்க, அதன் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியே நீர் பீறிடும் என்பதை இளைய மகன் கண்டுபிடித்துவிட்ட பிறகு, ஒவ்வொரு குழாயும் தலா நான்கு நிமிடத்தை விழுங்குகிறது. களைத்து ஸ்பானியப் படிக்கட்டில் அமரப் போனால், 2019 முதல் அங்கு உட்கார்வோருக்கு அபராதம் உண்டு என்று அட்டவணையின் அடிக்குறிப்பு அறிவிக்கிறது. காப்பிக்கடையிலும் நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு என்பது இவர் முன்பே திரட்டிய செய்தி. ஆகவே ஒன்பது கிலோமீட்டர் நடந்த குடும்பம், காலி நாற்காலிகளைப் பார்த்தவாறு நின்றே குடிக்கிறது. இந்தச் சிக்கனத்தை இவ்வகையினரின் மன்னிக்க இயலாத ஒரே குற்றமாகக் கருதலாம்.

ஆனால் போர்கேசே கலைக்கூடத்தில் இவர் வேறு மனிதராகிறார். முன்பதிவு இன்றி எவரையும் அனுமதிக்காத அக்கூடம், உள்ளே சென்றோரை இரண்டு மணி நேரம் முடிந்ததும் வெளியேற்றிவிடும் வழக்கமுடையது. காலத்தைக் காவல் காக்கும் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டதால் வாழ்நாளில் முதன்முறையாக விடுதலை பெற்ற அட்டவணைக்காரர், பெர்னினி 1625இல் செதுக்கி முடித்த அப்பல்லோ–தாஃப்னே சிற்பத்தை மும்முறை வலம் வருகிறார்; துரத்துபவன் தொட்ட கணத்தில் தாஃப்னேயின் விரல் நுனிகள் இலைகளாகத் துளிர்ப்பதை மனைவிக்குச் சுட்டிக்காட்டுகிறார்; கைக்கடிகாரத்தைப் பார்ப்பதேயில்லை. காவலர் நேரம் முடிந்ததாக அறிவிக்கும்போது இன்னும் ஐந்து நிமிடம் கேட்டு மன்றாடுபவரும் இவரே.

நான்காம் நாள் மாலை 4.00 முதல் 4.40 வரை ‘விருப்பம்போல் சுற்றுதல்’ என்று அட்டவணையில் உள்ளது. நான்கு நாளாக அவரை அடக்குமுறையாளர் என்று ஏசிவந்த குடும்பத்தார் நவோனா சதுக்கத்தின் நடுவே இறக்கிவிடப்பட்டு, நான்கு நதிகளின் நீரூற்றைச் சற்று நேரம் பார்த்து, பின்னர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, 4.06க்கு ஒருமனதாக அவரை அணுகி அடுத்து எங்கே போவது என்று வினவுகின்றனர். அவர் பையிலிருந்து இரண்டாம் தாளை எடுக்கிறார்.