கோழிக்குப் போட்ட வரியும் என் நாலரையடி வண்டியும்

டல்லாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நீங்கள் கேட்டதற்கு, பக்கத்தில் உங்கள் மருமகள் சிரித்துக்கொண்டே நின்றதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “பாடி கட்டும் பட்டறைப் பக்கமே வராதே, போய்ப் படி என்று விரட்டிவிட்டேன். அமெரிக்கா வரைக்கும் போய் லோடு வண்டி வாங்கியிருக்கிறாயே” என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த மூச்சிலேயே “பாடி எத்தனை அடி?” என்றீர்கள். நாலரை என்றேன். அப்புறம் உங்களிடமிருந்து சத்தமே இல்லை. அதனால் எழுத்திலேயே விளக்கம் தருகிறேன்.

முதலில் மானப் பிரச்சினை. இங்கே இதை யாரும் லோடு வண்டி என்று நினைப்பதில்லை. டாக்டர், வக்கீல், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் பிக்கப்தான். 1977-லிருந்து இந்த நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப், ஃபோர்டின் எஃப் வரிசைதான். டெக்சாஸில் கார் வைத்திருப்பவனைத்தான், பாவம், இன்னும் தலையெடுக்கவில்லை போல என்று பார்ப்பார்கள்.

எங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. பத்தொன்பது அடிக்கு மேல் நீளம். கராஜுக்குள் நுழையாது, வெயிலிலும் ஆலங்கட்டி மழையிலும் வாசலில்தான் வாசம். பாடிக்குள் கம்பளம் விரித்திருக்கிறார். நீங்கள் படித்தது சரிதான், கம்பளம். சனிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் முழுக்குதான், தலைதுவட்டல்தான். அதில் இதுவரை ஒரு செங்கல் ஏறி நான் பார்த்ததில்லை. போன மாதம் தோட்டத்துக்கு மரத்தூள் வாங்க வேண்டியிருந்தது. மனிதர் நேரே என் வாசலுக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “உன் வண்டியைக் கொஞ்சம் தருகிறாயா? என்னுடையது அழுக்காகிவிடும்” என்றார். கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

இனி நாலரையடி விவகாரம். நான் வாங்கியது ஃபோர்டு மேவரிக். நம்மூரில் கடையைக் கட்டுகிறேன், மறைமலை நகர் ஆலையை மூடுகிறேன் என்று ஃபோர்டு அறிவித்ததே 2021-ல், அதே வருஷம் இங்கே இறக்கிய வண்டி. பெயர் குட்டி பிக்கப். ஆனால் குட்டி என்பதற்கு இங்கே அளவு வேறு. சித்தப்பாவின் டாடா குட்டி யானை வண்டி மொத்தமே பன்னிரண்டரை அடி, பாடி ஏழடி, 750 கிலோ ஏற்றலாம். என் வண்டி பதினாறரை அடிக்கும் மேல், பாடி நாலரை அடி, 680 கிலோ. நாலடி கூடுதலாக நீட்டி, இரண்டரை அடி பாடியைக் குறைத்து, ஏற்றும் எடையையும் குறைத்திருக்கிறார்கள். மிச்ச இடமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். நாலு கதவு, ஐந்து பேர் சாய்ந்து உட்கார மெத்தை, காபி டம்ளர் வைக்க ஊரெல்லாம் பொந்து. உங்கள் பட்டறையில் எவனாவது இப்படி ஒரு பாடி கட்டியிருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பீர்கள்.

நிஜமான சின்ன வண்டி இங்கேயும் இருந்தது. டாட்சன், டொயோட்டா, மாஸ்டா செய்து ஃபோர்டு பெயரில் வந்தது, இசுசு செய்து ஷெவர்லே பெயரில் வந்தது என்று எழுபதுகளில் தெருவெல்லாம் ஓடியிருக்கிறது. ஆறடிப் பாடி, இரண்டு கதவு, வேறு ஒன்றும் கிடையாது. அதெல்லாம் எப்படிப் போயிற்று என்று விசாரித்தால், அப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், கோழியில் வந்து நிற்கிறது. நாமக்கல்லில் பிறந்து லாரிக்கும் கோழிக்கும் நடுவே வளர்ந்த எனக்கே நம்ப நேரமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பண்ணைக் கோழி மலிந்து, கப்பல் கப்பலாக மேற்கு ஜெர்மனிக்குப் போயிருக்கிறது. அங்கே பண்ணைக்காரர்கள் கொதித்தெழ, 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் வெளிநாட்டுக் கோழிக்கு வரியை ஏற்றிவிட்டன. பெர்லினில் சுவர் எழும்பிய சமயம் அது. அப்போது அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் தனக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் பாதி கோழியைப் பற்றித்தான் என்று ஜெர்மன் தலைவர் அடெனாவர் சொன்னதாகச் சொல்வார்கள். பேசிப் பார்த்தும் ஐரோப்பா மசியவில்லை. 1963 டிசம்பரில் அடுத்து வந்த அதிபர் ஜான்சன் பதிலடி கொடுத்தார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய லாரி நாலுக்கும் கூடுதல் இறக்குமதி வரி, லாரிக்கு 25 சதவீதம். குறி ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனுக்கு. மாட்டிக்கொண்டது பிற்பாடு வந்த ஜப்பான்காரன். சண்டை போட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிராந்திக்குக்கூட விமோசனம் கிடைத்துவிட்டது. லாரிக்கு மட்டும் அறுபது வருஷம் தாண்டியும் வரி நிற்கிறது. பெயரே கோழி வரிதான்.

இதில் உங்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். முழு லாரியாக வந்தால் 25 சதவீதம். பாடி இல்லாமல் கேபினும் சேஸுமாக வந்தால் 4 சதவீதம். விடுவானா ஜப்பான்காரன்? சேஸைக் கப்பலில் இறக்கி, பாடியை இங்கே மாட்டி விற்றிருக்கிறார்கள். அசல் நாமக்கல் தொழில்! நீங்கள் அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாப் பக்கம் வந்திருந்தால் இன்றைக்கு நான் முதலாளி மகன். 1980-ல் சுங்கக்காரர்கள் முழித்துக்கொண்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

சுபாரு இன்னும் ஒரு படி மேலே போனது. ‘பிராட்’ என்று ஒரு வண்டி. அதன் பாடியில் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டு பொருத்தி, “இது லாரியே இல்லை, ஆள் ஏறும் கார்” என்று சாதித்துக் கொண்டுவந்தார்கள். ரீகன்கூடத் தன் பண்ணையில் ஒன்று வைத்திருந்தார். ஃபோர்டே துருக்கியில் செய்த சரக்கு வேனுக்குப் பின்சீட்டு போட்டுக் கொண்டுவந்து, துறைமுகம் தாண்டியதும் சீட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2024-ல் 36.5 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். பிடுங்கிய சீட்டில் யாரும் உட்காரவே இல்லை. என் மேவரிக் தப்பித்தது மெக்சிகோவில் பிறந்த புண்ணியத்தால்.

எல்லாப் பழியையும் கோழிமேல் போடுவதும் நியாயமில்லை. மைலேஜ் சட்டம் ஒன்று இருக்கிறது. நாலு சக்கரத்துக்கு நடுவே எவ்வளவு பரப்போ அதற்கேற்ப இலக்கு. பரப்பு பெருத்தால் இலக்கு தளரும். என்ன செய்வார்கள்? வண்டியைப் பெருக்கவைத்தார்கள். லாபமும் பெரிய வண்டியில்தான். ஃபோர்டின் சின்ன ரேஞ்சர் 2011-ல் நின்றது. 2019-ல் அதே பெயரில் திரும்பி வந்தது, கல்யாணம் ஆன மாப்பிள்ளை மாதிரி உடம்பு வைத்து.

இப்போது என்னவென்றால், பெரிய வண்டியின் விலை சம்பளக்காரனுக்கு எட்டாமல் போய்விட்டது. மேவரிக் வந்தபோது 19,995 டாலர். ஜனங்கள் பாய்ந்தார்கள், 2024-ல் 1,30,000-க்கு மேல் விற்றது. அலபாமாவில் ஹூண்டாய் ‘சான்டா குரூஸ்’ என்ற குட்டி பிக்கப்பைச் செய்தது, நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்தான். சூடு பார்த்துவிட்டு இன்னும் சில வண்டிகள் கிளம்பியிருக்கின்றன. 2027-ல் 30,000 டாலரில் மின்சார பிக்கப் என்கிறது ஃபோர்டு. அமேசான் முதலாளி பெசோஸ் பணம் போட்ட ‘ஸ்லேட்’ என்ற புதுக் கம்பெனி இரண்டு சீட்டு வண்டி ஒன்றைக் காட்டியது. ரேடியோ இல்லை, பெயின்ட் இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். இதை மகா புதுமை என்று ஆபீஸில் ஒருவன் எனக்கு விளக்கினான். உங்கள் பழைய மெட்டடாரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

என் ஆத்திரமெல்லாம் விலைமேல்தான். 19,995 என்றது 2025-லேயே 26,000-ஐத் தாண்டிவிட்டது. அதற்கும் மேல் ‘மார்க்கெட் நிலவரம்’ என்று கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டி, கூட ஒரு தொகை கேட்டான் டீலர். தக்காளிக்கு நிலவரம் உண்டு, வண்டிக்குமா? நான் எழுந்து கிளம்பினேன். வாசல்வரை போனதும் கூப்பிட்டான். சந்தையில் அம்மாவோடு பை தூக்கிப் போனது வீண்போகவில்லை என்று சொல்லுங்கள்.

வண்டி வந்த நாளிலிருந்து எனக்கு மவுசு. வீடு மாறுகிறவன், சோஃபா வாங்குகிறவன், கிரைண்டர் இறக்குகிறவன், ஊரில் உள்ள அத்தனை தமிழ்க் குடும்பமும் என்னை “அண்ணா” என்கிறது. பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்துக் கரும்பு என் பொறுப்பு. நாலரையடிப் பாடியில் முழுக் கரும்பு படுக்குமா? பின்கதவைத் திறந்துபோட்டு, நாலடிக்கு மேல் நீட்டினால் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பதால் உங்கள் மருமகளின் பழைய சுடிதார் துப்பட்டாவைக் கட்டிப் பறக்கவிட்டு ஓட்டிப் போனேன். ஏற்றத்தான் ஆள் வந்தார்கள். இறக்கும்போது எல்லோருக்கும் முதுகுவலி.

பேரன் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்று ஒரே அழுகை. பதினெட்டு வயதுக்குக் கீழே பாடியில் உட்காரக் கூடாது என்று சட்டம். ஊர்வலத்துக்கும் வைக்கோல் சவாரிக்கும் விலக்கு உண்டு. குலதெய்வம் கோயிலுக்குக் கிடையாது. நாங்கள் அத்தனை பேரும் டெம்போவில் நின்றுகொண்டே கொல்லிமலை அடிவாரம்வரை போனதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. உங்கள் மருமகளும் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக நினைக்கிறாள். பின்கதவில் “அப்பா அம்மா ஆசி” என்று நம்ம பட்டறை பெயின்டர் எழுதுவதுபோலச் சிவப்பில் மஞ்சள் நிழல் விட்டு எழுத ஆசை. எழுத்து எழுதிய வண்டி வாசலில் நிற்கக் கூடாது என்று இந்தக் காலனிச் சங்கத்தில் விதி. உள்பக்கமாவது எழுதிவிட வேண்டும்.

ஒரு முக்கியமான சமாச்சாரம். சித்தப்பா தன் குட்டி யானையைக் காயலான் கடைக்குப் போடப் போவதாக அம்மா சொன்னாள். உடனே தடுத்து நிறுத்துங்கள். இருபத்தைந்து வருஷம் ஆன வண்டியை இறக்குமதி செய்தால் இங்கே பாதுகாப்பு விதி எதுவும் பார்ப்பதில்லை. அப்படித்தான் ஜப்பானியக் குட்டி லாரிகளை வாங்கி வந்து ஓட்டுகிறார்கள், 2024-ல் டெக்சாஸும் பதிவுக்குச் சரி சொல்லிவிட்டது. சித்தப்பா எடுத்தது 2005-ல், டாடா முதல் முதலாக விட்டபோது. 2030 வரை கொட்டகையில் தார்ப்பாய் போட்டு, மேலே கோழி ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். கப்பல் கூலி நான் கட்டுகிறேன். 25 சதவீத வரி மட்டும் அவர்தான் தர வேண்டும். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் அவர்தானே.

அன்புடன்,
செந்தில்