பெட்டியின்மேல் எண் அச்சிடும் இலாகாவுக்கு ஒரு நன்றி விண்ணப்பம்

பெறுநர்: பெட்டியின்மேல் எண் அச்சிடும் இலாகா, கேமராக் கம்பெனிகள் அனைத்தும்.

பொருள்: கைக்கடக்கமான நீள ஜூம் கேமராவைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றபடி, தண்ணீருக்கு நடுவே மரத்தில் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரையைப் படம் பிடிக்க ஆசைப்படும் சாதாரணக் குடிமகன் நான். பீரங்கி லென்ஸைத் தூக்கிச் சுமக்க முதுகும் இல்லை, வாங்க முதலும் இல்லை. என் போன்றோர் மூளையைக் கசக்கக் கூடாதென்று, எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கிவிட்டீர்கள். 30 எக்ஸைவிட 40 எக்ஸ் உசத்தி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கடைக்குப் போய் கேமரா வாங்கி வந்துவிடலாம்.

ஆனால் சில விஷமிகள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். லென்ஸின் குவியத் தூரத்தில் நீள முனையைக் குட்டை முனையால் வகுத்தால் வருவதுதான் இந்த எக்ஸ் எண்ணாம். கேனான் எஸ்எக்ஸ்740 கேமரா 24 மி.மீ.யில் தொடங்கி 960இல் முடிகிறது, வகுத்தால் 40. பறவைப் பைத்தியங்கள் தோள் வலிக்கச் சுமக்கும் 150-600 லென்ஸை அதேபோல் வகுத்தால் வெறும் 4. ஆக, உங்கள் எண்படி அது பாக்கெட் கேமராவில் பத்தில் ஒரு பங்கு! நாரை 40 மடங்கு கிட்டே வந்து உட்காரும் என்று நம்பியவர்களுக்கும் ஏமாற்றம்தான். வழக்கமான 50 மி.மீ. லென்ஸோடு ஒப்பிட்டால் 960 காட்டுவது சுமார் 19 மடங்கு.

அந்த 960ம் அசல் அல்ல. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில், பொடி எழுத்தில், 4.3-172.0 என்று நீங்களே பொறித்திருக்கிறீர்கள். பழைய ஃபிலிமின் 36 × 24 மி.மீ. கட்டத்துக்குச் சமமாக்கிச் சொன்னால்தான் 960. உள்ளே இருக்கும் சென்சார் அவ்வளவு பொடிசு: 6.17 × 4.55 மி.மீ. அதற்கு 1/2.3 இன்ச் என்று பெயர். மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்தாலும் 8 மி.மீ. தேறவில்லை, 1/2.3 இன்ச் என்றால் 11 வர வேண்டும். அதன் அண்ணனான 1 இன்ச் சென்சாரோ 13.2 × 8.8 மி.மீ.தான். வீடியோ கேமராவுக்குள் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்தில், குழாயின் வெளிவிட்டத்தைச் சொன்ன வழக்கமாம் இது. குழாய் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. செத்தவர் பேரில் ரேஷன் வாங்குவதுபோல் நீங்கள் இன்னும் அதன் பேரில் இன்ச் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதே வளையத்தில் 3.3-6.9 என்று இன்னொரு பொடி எழுத்து. அப்பர்ச்சர், அதாவது எஃப் எண். முழு ஜூமுக்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும் என்பது அதன் பொருள். நாரைகள் கூடு திரும்புவதோ பொழுது சாயும் நேரத்தில். கேமரா பதறிப்போய் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றுகிறது. படம் முழுக்கப் புள்ளி. புள்ளியைத் துடைக்கிறேன் என்று மென்பொருள் கிளம்புகிறது. நாரையின் பின்னிறகில் இருக்கும் ரோஜா நிறமும் சேர்ந்து துடைபட்டு, குழம்பிய ஒரு திட்டாகிறது. 20 மெகாபிக்சல் இருக்கிறதே என்பீர்கள். எஃப் 6.9இல் ஒரு புள்ளி ஒளி ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. பெட்டியில் 20 இருந்து என்ன பயன்?

மாற்று இல்லாமலில்லை. சோனி ஆர்எக்ஸ்100இன் ஏழாம் பதிப்பில் 1 இன்ச் சென்சார். பரப்பு நான்கு மடங்கு. 24-200, எஃப் 2.8-4.5. வகுத்தால் 8 எக்ஸ்தான். அதை அச்சிட உங்களுக்குக் கை கூசியிருக்கும். பானாசோனிக் டிஇசட்200 நடுவாந்தரம்: அதே சென்சார், 24-360. கல்யாண மண்டபத்துக்கும் சாயங்காலத்துக்கும் இவை. காலை வெயிலில் தூரத்துப் பறவைக்கு 40 எக்ஸ். இந்த இரண்டு வரியைப் பெட்டியில் போட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் மிச்சம்.

வ்யூஃபைண்டர் விஷயத்தில் உங்கள் சிக்கனத்தையும் மெச்ச வேண்டும். அதில் கண்ணை வைத்துக் கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் கை ஆடாது, வெயிலில் திரையும் கூசாது. 2024 டிசம்பரில் ஐரோப்பியச் சட்டம் சார்ஜர் துளையை யூஎஸ்பி-சி ஆக்கச் சொன்னது. 2025இல் வந்த பானாசோனிக் டிஇசட்99இல் துளை மாறியது. கூடவே முந்தைய மாடலில் இருந்த வ்யூஃபைண்டரும் மாயமானது. 3000 மி.மீ. வரை போகும் நிக்கான் பி1000இல் வ்யூஃபைண்டர் இருக்கிறது. எடை மட்டும் 1.4 கிலோ. அதைப் பையில் போட்டால் பை கிழியும்.

எனவே பணிவான கோரிக்கைகள்:

1. எக்ஸ் எண்ணை அச்சிடும் அதே அளவு எழுத்தில் சென்சாரின் நீள அகலத்தை மி.மீ.யில் போட வேண்டும்.

2. முழு ஜூமில் எஃப் எண் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

3. வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமைச் சேர்த்து 40ஐ 80 ஆக்கும் திருப்பணி நிறுத்தப்பட வேண்டும்.

4. பெட்டியில் போடும் மாதிரிப் படம் மாலை ஐந்தரை மணிக்கு, முழு ஜூமில், கையில் பிடித்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

இவை நிறைவேறும்வரை கடையில் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தை மட்டும் படிப்பதாக உத்தேசம். அடுத்து எந்த எண்ணை ஜொலிக்க விட்டாலும், எதை எதால் வகுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்படிக்கு,
வகுத்தல் மட்டும் தெரிந்த ஒரு வாடிக்கையாளர்